இன்னொரு தடவை பார்த்துடலாம்

கேபிள் கம்பெனியில் அவளுக்கு 'நிதானம்' என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். மற்றவர்கள் மூன்று வீடு முடிக்கிற நேரத்தில் அவள் இரண்டுதான் முடிப்பாள். ஆனால் அவள் கை வைத்த வீட்டிலிருந்து திரும்ப ஒரு புகார் வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் அந்தப் பெயரை அவள் விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். "நிதானம் எங்கே?" என்று யாராவது கேட்டால், "இங்கதான் இருக்கு, உங்ககிட்டதான் இல்ல" என்பாள்.

அவளோடு வண்டியில் வருகிறவர் ஏணிக்காரர். ஏணி தூக்குவதும் பிடிப்பதும் அவர் வேலை. வாய் ஓயாமல் பேசுவது சம்பளமில்லாமல் செய்கிற வேலை.

அன்று மதியம் அவர்கள் போன வீட்டில் ஒரு டீச்சர் இருந்தாள். இன்டர்நெட் வழியாகக் கணக்குப் பாடம் எடுக்கிறவள். ஒரு வாரமாக லைன் வருவதும் போவதுமாக இருந்து, முந்தின நாள் ஒரேயடியாகப் போய்விட்டது. கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

"அக்கா, நாலு மணிக்கு ஒரு ஸ்கூல்ல இருந்து என் கிளாஸைப் பாக்கப்போறாங்க. பிடிச்சுதுன்னா நிரந்தர வேலை. இன்னைக்கு லைன் வரலைன்னா அவ்வளவுதான், நான் தலையில துண்டு போட்டுக்கணும்."

"துண்டெல்லாம் வேணாம். கேபிள் எந்தப் பக்கமா உள்ள வருதுன்னு காட்டுங்க."

கேபிள் வீட்டின் பின்பக்கச் சுவர் வழியாக வந்தது. அங்கே சிமென்ட் போட்ட சின்ன முற்றம்; ஓரத்தில் துணி துவைக்கிற கல், பக்கத்தில் குழாய். தலைக்கு மேலே சுவரில் ஒரு இரும்புக் கொக்கி. தெருக் கம்பத்திலிருந்து வந்த கேபிள் அந்தக் கொக்கியில்தான் கட்டப்பட்டிருந்தது. அதே கொக்கியிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரு எஃகுக் கம்பி. அது துணி காயப்போட. போதாததற்கு, மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் கரண்ட் ஒயரும் அந்தக் கொக்கி மேலேயே ஓடியது.

"ஒரு கொக்கியில ஊரே தொங்குதே" என்றார் ஏணிக்காரர்.

"அது என் கொழுந்தன் வேலை" என்றாள் டீச்சர். "வீட்டுல அவர்தான் மெக்கானிக். மிக்சில இருந்து மோட்டார் வரைக்கும் அவரே பாத்துக்குவார்."

நிதானம் ஏணியில் ஏறினாள். இரும்பு ஏணி இல்லை, கரண்ட் பாயாத ஃபைபர் ஏணி. கொக்கியைத் தொடுவதற்கு முன் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் அருகே கொண்டுபோனாள். பேனா அளவுள்ள கருவி. கரண்ட் இருந்தால் சிவப்பாக மின்னிக் கத்தும். அது கம்மென்று இருந்தது. பிறகுதான் கையுறை போட்ட கையால் கேபிளைத் தூக்கிப் பார்த்தாள்.

கோளாறு கண்ணுக்கே தெரிந்தது. மோட்டார் ஒயரையும் கேபிளையும் சேர்த்து ஒரே இரும்புப் பட்டையால் கொக்கியோடு அழுத்தி, ஸ்க்ரூவை முடிந்த மட்டும் முறுக்கியிருந்தார்கள். கேபிளுக்குள் இருப்பது, இன்டர்நெட்டை வெளிச்சமாகக் கொண்டுவருகிற, தலைமுடி கனத்துக் கண்ணாடி இழை. அந்தப் பிடியில் அது நசுங்கிப் போயிருந்தது.

"புது கேபிள்தான் இழுக்கணும். உள்ள அளந்துட்டு வந்துடலாம்" என்று இறங்கினாள்.

உள்ளே மோடம் இருக்கிற அறைவரை அளந்து, கேபிள் வெட்டி, மறுபடி முற்றத்துக்கு வந்தார்கள். நிதானம் ஏணியில் ஏறிப் பட்டையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். எடுத்தவள் அதைத் திரும்ப இடுப்புப் பையில் செருகிவிட்டு டெஸ்டரை எடுத்தாள்.

"இப்பத்தானே பாத்த, தங்கச்சி?" என்றார் கீழே ஏணியைப் பிடித்திருந்தவர்.

"இறங்கி ஏறிட்டேன்ல. இன்னொரு தடவை பார்த்துடலாம்."

டெஸ்டர் கொக்கியை நெருங்கக்கூட இல்லை. அதற்குள் சிவப்பாக எரிந்து கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது.

கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கொக்கியில் கரண்ட். கொக்கியில் என்றால் கேபிளைத் தாங்குகிற இரும்புக் கம்பியிலும்தான். எஃகுக் கம்பியிலும்தான். கண்ணை அந்தக் கம்பியோடு ஓட்டினாள்.

கம்பியின் நடுப்பகுதிக்குக் கீழே, ஈரத் தரையில் செருப்பில்லாமல், டீச்சரின் மாமனார் நின்றுகொண்டிருந்தார். காலடியில் வாளி. பிழியாத போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியை எட்டிப் பிடிக்கக் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க!"

அந்தக் குரல் அவளுடையதுதானா என்று ஏணிக்காரருக்கே சந்தேகம் வந்தது. ஐந்து வருடமாக அவளோடு வண்டியில் வருகிறார்; ஒரு தடவைகூட அவள் கத்திக் கேட்டதில்லை. மாமனார் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அந்தச் சொல்லுக்கு மூளைக்கு முன்னால் உடம்பு கட்டுப்பட்டது. தூக்கிய கை தூக்கியபடி நின்றது. விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"ஐயா, கையைக் கீழ இறக்குங்க. கம்பியைத் தொடாதீங்க. போர்வை நுனிகூடப் படக்கூடாது. அப்படியே பின்னால போங்க... இன்னும்... சரி. வாசப்படி ஏறி நில்லுங்க."

"என்னம்மா ஆச்சு?"

"கம்பியில கரண்ட் இருக்கு."

அவர் நம்பாமல் கம்பியைப் பார்த்தார். நிதானம் எதையும் தொடாமல் ஏணியிலிருந்து இறங்கினாள். சத்தம் கேட்டு டீச்சர் ஓடிவந்தாள்.

"இப்ப வீட்டுல என்ன போட்டீங்க? ஏதாவது சுவிட்ச்?"

"மோட்டார்தான். தொட்டில தண்ணி இல்ல..."

"மெயினை ஆஃப் பண்ணுங்க. மோட்டாரை மட்டும் இல்ல, மெயினை."

வீட்டுக்குள் மின்விசிறி நின்றது. மோட்டாரின் உறுமல் அடங்கியது. ஏணிக்காரர் முற்றத்துக் கதவில் சாய்ந்து, யாரும் இறங்காதபடி வழியை மறித்துக்கொண்டார். அன்று முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

மாடியில் இருந்த கொழுந்தன் "யாரு மெயினை ஆஃப் பண்ணது?" என்றபடி இறங்கி வந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"அதெல்லாம் இருக்காது. நானே இழுத்த ஒயர். உங்க டெஸ்டர் டூப்ளிகேட்டா இருக்கும்."

மாமனார் போர்வையை வாளியில் போட்டுவிட்டு வலது கையை விரித்துப் பார்த்தார். "டேய், துணி போடும்போதெல்லாம் கை சுருக்சுருக்குன்னு இழுக்குதுன்னு சொன்னேனே. ஸ்டியரிங் பிடிச்ச கை, நரம்பு தளர்ந்துபோச்சுன்னு நீதானே தைலம் வாங்கிக் கொடுத்த?"

"எல்லா நேரமும் இழுத்துச்சா, ஐயா?" என்று கேட்டாள் நிதானம்.

அவர் யோசித்தார். "இல்லம்மா. மோட்டார் ஓடுறப்போ... ஆமா, மோட்டார் ஓடுறப்போதான். மத்த நாள்ல ரப்பர் செருப்பு போட்டிருப்பேன். இன்னைக்குத்தான் வார் அறுந்துபோச்சுன்னு கழட்டிப் போட்டேன்."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நிதானம் மின்பெட்டியைத் திறந்து பார்த்தாள். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற பாதுகாப்பு சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர்களை நேராக இணைத்து டேப் சுற்றியிருந்தது.

"இங்க இருந்த சுவிட்ச் எங்க?"

கொழுந்தனின் சிரிப்பு போய்விட்டிருந்தது. "மோட்டார் போட்டாலே சும்மா சும்மா விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் கழட்டிட்டேன்."

"சும்மா விழல, தம்பி. விழுந்த ஒவ்வொரு தடவையும் உங்கப்பா கையைக் காப்பாத்திருக்கு."

அவன் படியில் உட்கார்ந்தான். மாமனாரோ வேறு உலகத்தில் இருந்தார். கையை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தவர் திடீரென்று முகம் மலர்ந்து, "அப்போ என் கைக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மாமா, உயிர் தப்பியிருக்கீங்க. கையைப் பத்திப் பேசுறீங்களே!"

"இருந்தாலும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஐயா. ஷாக் அடிச்சதுன்னு சொல்லுங்க, தைலக் கதையெல்லாம் வேணாம்" என்றாள் நிதானம்.

மோட்டாருக்குத் தனி ஃபியூஸ் இருந்தது. அதைப் பிடுங்கி ஏணிக்காரரின் சட்டைப்பையில் போட்டாள். "அண்ணே, யார் கேட்டாலும் தராதீங்க. நானே கேட்டாலும்." பிறகு மெயினைப் போடச் சொல்லி, டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்து அது கத்துவதை உறுதி செய்துகொண்டு, கொக்கிக்குக் கொண்டுபோனாள். இப்போது அது கத்தவில்லை. துணிக் கம்பியிலும் பார்த்தாள். அதுவும் சுத்தம்.

கொழுந்தன் எழுந்து வந்தான். "அந்த ஒயர்ல டேப் சுத்தினா போதும்க்கா. நான் பத்து நிமிஷத்துல..."

"வேணாம் தம்பி. நானும் தொட மாட்டேன், நீங்களும் தொடக் கூடாது. லைசன்ஸ் இருக்கிற எலெக்ட்ரீஷியன் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் தண்ணியைக் குடத்துல எடுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அவனால் மறுக்க முடியவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

கம்பெனிக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டு நிதானம் படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்தாள். கண்ணாடி இழையை ஒட்டுவதற்கு பதற்றம் உதவாது. டீச்சர் கடிகாரத்தைப் பார்ப்பதும் இவளைப் பார்ப்பதுமாக நின்றாள்.

"நேரம் இருக்கு டீச்சர். நீங்க போய்த் தலையைச் சீவிப் பாடத்துக்குத் தயாராகுங்க. லைன் என் பொறுப்பு."

பழைய கொக்கியை விட்டுவிட்டுப் பக்கவாட்டுச் சுவரில் பிளாஸ்டிக் கொக்கி அடித்து, கரண்ட் ஒயருக்கு எட்டாத தூரத்தில் தெருக் கம்பத்திலிருந்து புது கேபிளைக் கொண்டுவந்தாள். ஜன்னலோரம் மடக்கு மேஜையைப் போட்டுப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மாமனார் நன்றியை டீயாகக் கொண்டுவந்து மேஜையில் வைக்கப் போனார்.

"அங்க வேணாம், ஐயா. இதுல கண்ணாடித் தூள் இருக்கும். டீயில விழுந்தா கண்ணுக்கே தெரியாது, வயித்துக்குத்தான் தெரியும்."

வெட்டி விழுந்த துணுக்கு ஒவ்வொன்றையும் டேப்பில் ஒற்றி எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டாள். தெருப்பக்கத்திலிருந்து வந்த இழையின் முனையை மாமனார் குனிந்து உற்றுப் பார்க்க, ஏணிக்காரர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "கண்ணை வைக்காதீங்க! வெளிச்சம் தெரியாது, ஆனா பார்வையைக் கெடுத்துடும்." அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது.

அந்த முனையையும் மோடத்துக்குப் போகிற இழையின் முனையையும் துடைத்து, நேராக வெட்டி, ஒட்டும் மெஷினில் வைத்தாள். சின்னத் திரையில் இரண்டும் இரண்டு தூண்கள் மாதிரி எதிரெதிரே நின்றன. பளிச்சென்று ஒரு பொறி. தூண்கள் ஒன்றாகின. மெஷின் 'சரி' என்றது. நிதானம் திரையைக் கூர்ந்து பார்த்தாள். இணைந்த இடத்தில் மயிரிழைபோல ஒரு நிழல்.

"மெஷினே சரின்னு சொல்லிடுச்சே" என்றார் ஏணிக்காரர். "மணி ஆகுது, தங்கச்சி."

"மெஷினுக்கென்ன, அது நம்மகூட வண்டியில ஏறி வந்துடும். இங்க இருக்கப்போறது டீச்சர்தானே."

வெட்டினாள். மறுபடி உரித்து, துடைத்து, ஒட்டினாள். இந்தத் தடவை நிழல் இல்லை. ஒட்டிய இடத்தின் மேல் உறையைச் சூட்டில் சுருக்கி, சின்ன இணைப்புப் பெட்டிக்குள் இழையை அகலமான வளையமாகச் சுற்றி வைத்தாள். வெளிச்சத்தை அளக்கிற மீட்டரைச் செருகினாள். வர வேண்டிய அளவுக்குக் குறையாமல் வெளிச்சம் வந்திருந்தது. மோடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

டீச்சர் லேப்டாப்பைத் திறந்தபோது அந்தப் பக்கம் மூன்று முகங்கள் தயாராகக் காத்திருந்தன. "வணக்கம், என் குரல் கேக்குதா?" என்று கேட்டாள். கேட்கிறது என்று மூவரும் தலையாட்டினார்கள்.

பாடம் முடியும்வரை நிதானம் மீட்டர் கணக்கை எழுதுவதும் சாமான்களை அடுக்குவதுமாக முற்றத்திலேயே இருந்தாள். ஒரு இடத்தில்கூட டீச்சரின் குரல் அறுபடவில்லை. அதற்குள் எலெக்ட்ரீஷியன் வந்து சேர்ந்தார். பட்டையைக் கழற்றினார். ஒயரின் தோல் பிளந்து செம்பு இரும்பில் உட்கார்ந்திருப்பதைக் கொழுந்தனுக்குக் காட்டினார். அவன் குனிந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் போனான்.

"அப்பா... எனக்குத் தெரியலப்பா."

"தெரியலைன்னா கேக்கணும்டா" என்றார் அவர். அவன் தலையை ஒரு தட்டுத் தட்டினார்.

டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அடுத்த வாரத்துல இருந்து கிளாஸ் எடுக்கச் சொல்லிட்டாங்க, அக்கா!" என்று நிதானத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

ஒயரை மாற்றி, பாதுகாப்பு சுவிட்சையும் திரும்ப மாட்டிவிட்டு எலெக்ட்ரீஷியன் மோட்டார் ஃபியூஸைக் கேட்டபோது, ஏணிக்காரர் நிதானத்தின் முகத்தைப் பார்த்து, அவள் தலையாட்டிய பிறகுதான் ஃபியூஸை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வீட்டு முகவரி போனில் வந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி. நிதானம் கையைக் கழுவிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டியில் ஏறினாள்.