எழுபது வளைவுக்கு முப்பத்தொன்பது துப்பாக்கி

ராணுவத்தைத் தடுத்து நிறுத்துவது எப்படி என்று என் தம்பி மணிவண்ணன் திட்டம் போட்டது மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது. வாயில் கிழங்கு, பேச்சில் போர். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் மேட்டுக்காட்டை எடுத்து ராணுவத்துக்கு ரேடார் நிலையம் கட்டப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. பன்னிரண்டு குடும்பத்து நிலம் போகிறது. அப்பா கல் பொறுக்கித் திருத்தி, மிளகுக்கொடி ஏற்றிவிட்டுப் போன மூன்று ஏக்கரும் அதில் அடக்கம். ஆட்சேபணை இருந்தால் பட்டாதாரர் முப்பது நாளுக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டு நாமக்கல் ஆபீசில் கொடுக்க வேண்டும். பட்டா தம்பி பேரில் இருந்தது. அந்த மூன்று ஏக்கரில் களை எடுத்தவள் நான், சாமை விதைத்தவள் நான், விடிய விடியப் பன்றி விரட்டியவள் நான். ஆனால் அருள்மொழி என்று நான் ஆயிரம் தடவை எழுதினாலும் அந்த ஆபீசில் செல்லாது.

"எழுபது வளைவு இருக்குதுக்கா," என்றான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறுகிற ரோட்டைச் சொன்னான். "ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளு. லாரி நின்னு நின்னுதானே திரும்பணும்? ஒரு வண்டி மேல வந்துருமா?"

"எழுபது துப்பாக்கிக்கு எங்க போவ?"

"முப்பத்தொம்பது இருக்குது. ஊடு ஊடா எண்ணிட்டோம்."

"மீதி வளைவுக்கு?"

"கல்லு உருட்டுவோம்."

முப்பத்தொன்பதும் பன்றிக்காகக் கூரையில் செருகி வைத்திருக்கிற நாட்டுத் துப்பாக்கிகள். ஒன்றுக்கும் லைசென்ஸ் கிடையாது. பாதிக்கு மேற்பட்டவை நனைந்தால் வெடிக்காது.

என் வீட்டுக்காரர் அர்த்தனாரி பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டார். அன்றைக்கு எழுந்தார். "மாப்ள, துப்பாக்கியை எடுத்துக்கிட்டு களத்துக்கு வா," என்றார்.

களத்தில் தம்பியை ஓரமாக நிறுத்தினார். "ஒரு வெடி சுட்டுட்டே. இனி மறுபடி ஏத்து. அருளு, நீ எண்ணு." சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து திரும்பி நிதானமாக நடந்து வர ஆரம்பித்தார்.

நான் எண்ணினேன். தம்பி மருந்தைக் கொட்டினான், தேங்காய் நாரைத் திணித்தான், கம்பியால் குத்தினான், குண்டைப் போட்டான், மறுபடி நார், மறுபடி குத்தல். நான் எழுபது என்று சொன்னபோது கடைசியில் வைக்க வேண்டிய, பொறி கிளப்புகிற கேப்பு இன்னும் அவன் விரலில் இருந்தது. துப்பாக்கிக் குழாயின் நுனி என் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

"நான் நடந்து வந்தேன் மாப்ள. அவங்க நடந்தெல்லாம் வர மாட்டாங்க. மேல இருந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. எவன் எந்தப் பாறை மறைவுல ஒதுங்கறான்னு உங்க ஊட்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்."

"நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"வடக்க ஒரு காட்டுல பாத்தேன். எதுத்து நின்னவங்க கையிலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு. ஒரு காலைப் பொழுதுல முடிஞ்சுபோச்சு. கெடந்தவங்களை நான்தான் எண்ணினேன்."

தம்பி துப்பாக்கியை இழுத்துப் பார்த்தான், அவர் விடவில்லை. பிறகு கேட்டான். "அங்க துப்பாக்கியே எடுக்காதவங்களும் இருந்திருப்பாங்கல்ல. அவங்க நெலம் தப்புச்சுங்களா மாமா?"

என் வீட்டுக்காரர் குழாயை விட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு பொய்யையாவது சொல்லியிருக்கலாம். அந்த மௌனத்தைத் தம்பி ஜெயித்ததாக எடுத்துக்கொண்டான்.

ஆட்சேபணை மனுவை நானே எழுதினேன். கையெழுத்துப் போடு என்று ஒரு வாரம் அவன் பின்னால் அலைந்தேன். "பேப்பரைக் காட்டி எவன் நெலத்தைக் காப்பாத்தினான்?" என்பான். எனக்கு மட்டும் அந்தக் காகிதத்தின் மேல் காதலா? அவன் ஜெயிலுக்கும் போகாமல், சாகாமல், நிலமும் கையில் இருக்க வேண்டும். அதற்கு எனக்குக் கிடைத்தது அந்த ஒரு தாள்தான்.

இருபத்தெட்டாவது நாள் புதன்கிழமை. அளக்க வண்டிகள் வருகின்றன, கூடவே பட்டாளமும் வருகிறது என்று செய்தி பரவியது. விடியும் முன்பே ஆண்கள் வளைவுகளுக்கு இறங்கிவிட்டார்கள். மத்தியானம் சோற்றுப் போசியும் மனுவுமாக நான் போனேன். தம்பி அறுபத்துநாலாம் வளைவில் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து ஒரு பால் வண்டியும் இரண்டு பஸ்ஸும் தவிர எதுவும் வரவில்லையாம்.

"சாப்புட்டுட்டு கையெழுத்துப் போடு சாமி," என்றேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

அப்போது தலைக்கு மேல் வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் சின்னதாக ஒரு டிரோன். காலையிலேயே எங்கள் மேட்டை அளந்து முடித்துவிட்டு, மத்தியானம் ரோட்டையும் படம் எடுத்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மேட்டை அளந்தவர்கள் மலையில் கால் வைக்கவே இல்லை. புளியஞ்சோலையில் ஓடைக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வேலையை முடித்திருக்கிறார்கள். நம்மவர்கள் இந்தப் பக்கம் வளைவு வளைவாகக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்டா," என்று நான் சொல்வதற்குள் சுட்டுவிட்டான். புகை கலைந்தபோது அது அதே இடத்தில் இருந்தது. அவன் மறுபடி மருந்தைக் கொட்டினான். என்னை அறியாமல் என் வாய் எண்ண ஆரம்பித்தது. இருபதில் அது இன்னும் கீழே இறங்கி வந்தது. முப்பதில் அவன் தலைக்கு நேராக நின்றது. அவன் கம்பியால் குத்திக்கொண்டே வாயைப் பிளந்து அதை அண்ணாந்து பார்த்தான். நாற்பதில் அது போய்விட்டது. நான் எழுபது வரைக்கும் எண்ணினேன்.

சுட்டவன் என் தம்பி ஒருவன்தான். மறுநாள் காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் முப்பத்தெட்டு துப்பாக்கிகள் கிடந்தன. தானாகக் கொண்டுவந்து போட்டால் கேஸ் இல்லை என்று போலீஸ் சொன்னதாம். இரவோடு இரவாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போர்த்திப் படுத்துவிட்டார்கள், அந்த முப்பத்தெட்டு வீரர்கள். "நீங்களும் போட்டிருக்கலாமே," என்று சுதாகர் என்னிடமே கேட்டான். வீடு வீடாகப் போய்த் துப்பாக்கியை எண்ணியவனே அவன்தான். கையில் இருந்த விளக்குமாற்றை அவன் மேல் எறிந்தேன்.

முப்பதாவது நாள். தம்பியைப் பிடிக்க ராணுவம் வரவில்லை. லாரி வரவில்லை. காலை ஏழு மணி பஸ்ஸில் நல்லமுத்து என்கிற ஏட்டு ஒருவர், டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்து இறங்கினார். முப்பத்தொன்பது பேர் தடுக்க நினைத்த எழுபது வளைவையும் அந்த மனுஷன் தூங்கிக்கொண்டே கடந்து வந்திருப்பார்.

"ஏனுங்கம்மா, இது உங்க தம்பிங்களா?" என்று போனை நீட்டினார். வாயைப் பிளந்து அண்ணாந்த முகம். பல் வரிசைகூடத் தெரிந்தது.

அதே பஸ் திரும்புகிறபோது தம்பியை ஏற்றினார். விலங்கு போடவில்லை. நானும் ஏறினேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் அருகில் வந்து நின்றார். தம்பியைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னைக்குக் கேட்டியே மாப்ள. துப்பாக்கி எடுக்காதவங்க நெலமும் தப்பல." ஜன்னல் கம்பி மேல் கையை வைத்தார். "ஆனா அவங்களை நான் எண்ண வேண்டி வரல."

பஸ் நகர்ந்தது. அறுபத்துநாலாம் வளைவில் அந்தப் பாறை காலியாகக் கிடந்தது. அதற்குக் கீழே ரோட்டோரம் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் பஸ்ஸைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். அந்த வளைவுகளுக்குக் காவல் இருந்தவர்கள்தான். இறங்கிப் போய் அறைய வேண்டும் போல இருந்தது. அவர்களையும், படம் பிடித்தவர்களையும், பட்டாவைத் தம்பி பேரில் மட்டும் எழுதிவிட்டுச் செத்துப்போன அப்பாவையும்.

மடியிலிருந்து மனுவை எடுத்தேன். "ஏட்டய்யா, இவன் இதுல கையெழுத்துப் போடணும். இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது."

"போடட்டும்மா," என்றார்.

தம்பி பேனாவை வாங்கினான். காகிதத்தை என் முதுகில் வைத்துக்கொள்ளச் சொல்லித் திரும்பி உட்கார்ந்தேன். அவன் பேனா மூடியைக் கழற்றினான்.

"அக்கா, இதைக் குடுத்தா நெலம் நிக்குமா?"

"தெரியாது. போடு."

பேனா என் முதுகில் ஊர்வது தெரிந்தது. அந்த நேரம் பார்த்து டிரைவர் வளைவில் வண்டியை ஒடித்தார். திரும்பி வாங்கிப் பார்த்தேன். மணிவண்ணன் என்பதில் பாதிப் பேர்தான் எழுத்தாக இருந்தது. மீதி ஒரே கோடாக இழுத்துக்கொண்டு தாளின் விளிம்பு வரைக்கும் போயிருந்தது. என்னிடம் வேறு தாள் இல்லை. கீழே போக இன்னும் ஐம்பது வளைவு இருந்தது, நான் எண்ணவில்லை.

நாமக்கல் ஆபீசில் இருந்தவர் அதைப் பார்த்தார். "என்னம்மா கையெழுத்து இது?" என்று கேட்டார்.

"எழுபது வளைவுங்க," என்றேன். "சீல் வைங்க."