மூன்றாம் மாடித் தண்ணீர்

குடிநீர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கம்ப்யூட்டர் அறையில் மட்டும், ஒன்பது வருடங்களாக முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இரண்டாம் மாடிக்கு ஒரு சொட்டுக் கசிந்ததில்லை.

அது பின்தெருத் தையல்காரியின் தண்ணீர். அவள் வீட்டுக் குழாய் வறண்டு, படுத்த படுக்கையான மாமியாரைத் துடைத்துவிடக்கூட இரண்டு தெரு தாண்டிப் போய்ச் சுமந்து வந்துகொண்டிருந்தாள். அலுவலகத்தில் புகார் ஜன்னலை மூடிவிட்டு, எல்லாம் செல்போனில்தான் என்று சொல்லியிருந்தார்கள். பதிந்தாள். எந்தப் பிரிவு அதிகப் புகார்களை முடித்தது என்று மாதக் கடைசியில் மேலிடம் பட்டியல் போடும் என்பதால், யாரும் எட்டிப் பார்க்காமலே 'தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. மறுபடி பதிந்தாள், மறுபடி தீர்ந்தது. பதினேழாவது முறை தீர்ந்த அன்று, அவளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன தண்ணீர் அவ்வளவும் அந்த அறையில் வந்து நின்றது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க அதே முழங்கால்தான். அவள் போனில் 'திருப்தியா?' என்ற கேள்வி பதிலில்லாமல் கிடப்பதைப் பொறியாளர் ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்தார். அதற்கு 'ஆம்', 'பிறகு' என்று இரண்டே பொத்தான்கள். 'இல்லை' வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் 'ஆம்' என்றால் வற்றிவிடும் என்று கணித்து, ஈரக் கால்சட்டையோடு அவள் வீட்டுக்கே வந்தார்.

"ஒரே ஒரு தடவை அமுக்கிடுங்கக்கா. மெஷினெல்லாம் நனையுது."

"எங்க வீட்ல நனையறதுக்கு ஒண்ணுமே இல்லையே தம்பி. தண்ணி வரட்டும், அமுக்கறேன்."

குழாயைத் தோண்ட வேண்டுமானால் புகார் திறந்திருக்க வேண்டும், புகாரோ தீர்ந்துவிட்டது என்று அவர் பொறுமையாக விளக்கினார். கேட்டு முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, அவள் இரண்டு குடங்களோடு அலுவலகத்துக்கு நடந்தாள். என்ன விஷயமாக என்று மறித்த காவலாளியிடம், "என் தண்ணிய எடுத்துக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் தெருவே குடத்தோடு படியேறியது. அதிகாரி போலீசைக் கூப்பிட்டார். வந்தவர்களில் ஒருவர் பின்தெருவாசி; அவரும் ஒரு குடம் நிரப்பிக்கொண்டு போனார். அந்த வாரமே அலுவலகத்தாரே மாடி ஜன்னல் வழியாகத் தெருவரைக்கும் குழாய் இறக்கிவிட்டார்கள்.

அதிகாரிகள் மாறினார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அடையாள அட்டையோடு ரப்பர் பூட்ஸும் தருகிறார்கள். பின்தெருவுக்கு மூன்றாம் மாடியிலிருந்து காலை ஆறு முதல் எட்டு வரை தண்ணீர் வருகிறது. கால் மணி தாமதமானால் தையல்காரி நேராக மேலே போய், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏன் என்று கேட்கிறாள். எழுந்து நின்று பதில் சொல்கிறார்கள்.