எட்டாவது சொட்டு

மூன்றாவது சொட்டு விழுந்தபோது மச்சான் வந்து பெயிண்டரின் தோளைத் தொட்டான்.

"மாமா, என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க."

"பேசாத. எண்ணிட்டிருக்கேன்."

பெயிண்டர் கண்ணாடிக் குழாயை ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்து லேசாக ஆட்டினார். உள்ளே தண்ணீர் நீலமாகவே இருந்தது. நான்காவது சொட்டை விட்டார். அவருக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி, அதே கூடத்தில், வெள்ளைத் துணி போர்த்தி அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மாலை மருத்துவமனையில் பிரிந்த உயிர். காலையில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுவரோரம் நாற்காலிகளில் இருந்தவர்கள், பெண்டாட்டி போன அன்றைக்குக் கடற்பவளத் தொட்டித் தண்ணீரோடு மல்லுக்கட்டும் மனிதரைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது சொட்டில் நீலம் போய் மஞ்சள் வந்தது.

ஐந்து. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

தொட்டிக்குள் பார்த்தார். பச்சைக் கிளைப் பவளம் விரல்களை உள்ளிழுத்துக்கொண்டு வெறும் குச்சியாக நின்றது. பாறை மேல் பூத்துக் கிடக்கும் பொத்தான் பவளங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தன. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் மட்டும் எதுவும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மீன்தொட்டி என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "மீனுங்க வாடகைக்கு இருக்கு. வீடு பவளத்தோடது" என்பாள்.

முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் குழாய் கழுவியவள். பிள்ளைகள் கலக்குவார்கள், டீச்சர் விளக்குவார், அவள் கழுவுவாள். பிள்ளைகளுக்கு அவள் 'லேப் அம்மா'. ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரமே உயிர்ப் பவளமும் மீனும் விற்கும் கடைக்குள் நுழைந்து, "எனக்கும் ஒரு பவளத் தொட்டி வெக்கணும். என்னென்ன வேணும்?" என்று கேட்டாள். கடைக்காரர், பேரப்பிள்ளைக்குத் தங்கமீன் வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து வேறு பக்கம் கை காட்டினாராம்.

வாங்கி வந்த முதல் பவளம் ஆறே வாரத்தில் செத்தது. ஒருநாள் சோதித்தபோது ஆறாவது சொட்டிலேயே மஞ்சள் வந்தது; தண்ணீரில் காரச் சத்து ஆறுதான். குறைந்துவிட்டதே என்று பதறி, ஒரே பிற்பகலில் பத்துக்கு ஏற்றிவிட்டாள். இரண்டு நாளில் அதன் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "கம்மியா இருந்தது அத கொல்லலீங்க. நான் அவசரப்பட்டதுதான் கொன்னுடுச்சு. அந்த அவசரம் எனக்காக. அதுக்காக இல்ல."

பிறகு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, சோதனைப் பெட்டியில் வந்த பொடி எழுத்துக் காகிதத்தை வரி வரியாகப் படித்தாள். சொட்டு விடுவது அவள், கலர் மாறியதா என்று பார்ப்பது பெயிண்டர். நாற்பது வருஷம் சுவருக்குக் கலர் குழைத்த கண் என்று அவருக்குப் பெருமை. ஒருநாள் அவர் ஏழு என்றார், அவள் எட்டு என்றாள். மூன்று தடவை திரும்பச் செய்தார்கள். மூன்று தடவையும் எட்டு. "உங்க கண்ணு சுவத்துக்கு சரி" என்று சிரித்தாள். அதற்குப் பின் இரண்டு வருஷம் அந்தத் தொட்டி எட்டிலிருந்து நகரவே இல்லை.

போன வாரம் வரைக்கும்.

ஐந்து நாள் மருத்துவமனை. மகள் தினமும் வந்து, ஆவியாகிக் குறைந்த தண்ணீரைக் கோடு வரைக்கும் நல்ல தண்ணீரால் நிரப்பிவிட்டுப் போனாள். காரக் கரைசல் ஊற்றுவதை மட்டும் பெயிண்டர், "அது அளவு வேலை, நான் வந்து பாத்துக்கறேன்" என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். கட்டிலை விட்டு அவர் நகர்ந்தால்தானே? நேற்று மதியம் அவள் கண்ணைத் திறந்து, ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "எத்தனை?" என்றாள். என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"எட்டு" என்றார். "காலையிலதான் பாத்தேன்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் பேசவில்லை.

பெயிண்டர் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்து கரைசல் பாட்டிலை எடுத்தார். ஒரு மூடிக்கு ஓர் எண் ஏறும். இன்னும் மூன்றரை மணி நேரத்தில் வண்டி வந்துவிடும். அவள் இந்த வீட்டை விட்டுப் போகும்போது எட்டு இருக்க வேண்டும். மூடியில் ஊற்றினார்.

"எத்தனை மூடிப்பா?" மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

பாட்டிலைப் பிடித்திருந்த கையில் மூன்று விரலை நீட்டிக் காட்டினார்.

"அம்மா ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல ஏத்தவே மாட்டாங்களே."

மூடியைக் கையில் பிடித்தபடி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒன்றரை" என்றார். "அரை மூடி, இன்னைக்கு அதுங்க தின்றதுக்கு. ஒரு மூடி, ஏறுறதுக்கு." தண்ணீர் சுழலும் இடமாகப் பார்த்து நூலாக ஊற்றினார். பாட்டிலை இறுக மூடி உள்ளே வைத்தார்.

மச்சான் விடுவதாக இல்லை. "மாமா, அந்த நீல லைட்டையாவது அணைச்சிடலாமா? துக்க வீட்டுல சினிமா கொட்டகை மாதிரி இருக்கு."

"உங்க அக்கா ஒரு நாள்கூட அணைச்சதில்ல. மணி ஆனா அதுவே அணையும்."

"இல்ல மாமா, வர்றவங்க என்ன நினைப்பாங்க..."

"வர்றவங்க பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான் வெச்சிருக்கா."

யாரோ ஒரு பெண்மணி வாசனை ஸ்ப்ரேயை எடுத்துக் குலுக்கினார். பெயிண்டர் கூடத்தின் குறுக்கே நாலே எட்டில் போய் அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. தண்ணில பட்டா அதுங்க தாங்காது. ஜன்னல வேணா இன்னும் திறந்து விடறேன்."

பதினொரு மணிக்கு வேதியியல் டீச்சர் வந்தார். பள்ளி விழாக்களில் பார்த்த முகம்; நரை கூடியிருந்தாலும் பெயிண்டருக்கு அடையாளம் தெரிந்தது. எப்படி மறக்கும்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மனைவி சிரித்துக்கொண்டே சொன்ன கதை. "அந்த ரோஸ் கலரு ஏன் டீச்சர் ஒரே சொட்டுல காணாம போகுதுன்னு கேட்டேன். 'அது உங்களுக்கு எதுக்கு? உடைக்காம கழுவுங்க, போதும்'னாங்க." பெயிண்டருக்கு ரத்தம் கொதித்தது. நேரில் போய்க் கேட்கிறேன் என்று செருப்பை மாட்டிவிட்டார். "விடுங்க, அவங்களுக்கு நாப்பது பிள்ளைங்க" என்று அவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

டீச்சர் உடலருகே தலை குனிந்து நின்றார். திரும்பியபோது தொட்டி கண்ணில் பட்டது. பக்கத்தில் போனார். குனிந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இத யாரு பாத்துக்கறாங்க?"

"அவதான்."

"கடையில இருந்து யாராவது வந்து..."

"யாரும் வரல டீச்சர். அவதான். உப்பு, காரம், சுண்ணாம்புச் சத்து எல்லாம்."

"ரொம்பக் கஷ்டமாச்சே இது." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "காரம் எவ்வளவுல வெச்சிருந்தாங்க?"

"எட்டு. ரெண்டு வருஷமா எட்டு." பெயிண்டர் நிறுத்தினார். "இன்னைக்கு அஞ்சு. அது என் தப்பு. அவமேல இல்ல."

டீச்சர், தொட்டி ஓரத்தில் கழுவாமல் நின்ற சோதனைக் குழாயைப் பார்த்தார். உள்ளே மஞ்சள் தண்ணீர் அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருஷத்துப் பேச்சு பெயிண்டரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லிவிடலாம். இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

"அந்தக் கலரு ஏன் ஒரே சொட்டுல மாறுதுன்னு எனக்கு அவதான் சொல்லிக் குடுத்தா" என்றார். "தண்ணில காரம் இருக்கிற வரைக்கும் நீலம். நாம சொட்டுச் சொட்டா அமிலம் விடறோம். காரம் அத வாங்கி வாங்கி அடக்கிக்குது. முடியாம போற சொட்டுல மஞ்சள். எத்தனை சொட்டு தாங்குதோ அத்தனை காரம். பவளம் அத எடுத்துத்தான் வீடு கட்டுது, நாம சுண்ணாம்பு பூசற மாதிரி."

"சரியாச் சொல்றீங்க."

"நான் எங்க சொன்னேன்? அவ சொன்னது."

டீச்சர், கிடத்தியிருந்த அவள் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது. நல்ல தண்ணீரில் கடைசியாக அலசி, ஒரு சுத்தமான துணி மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையோடு வந்தார். மகளிடம் வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. அவளைத் தூக்கியபோது கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். தூக்கியவர்கள் தொட்டியில் இடிக்காமல் திரும்ப வேண்டுமே என்று மச்சான் ஓடிப்போய், தன் முதுகைக் கண்ணாடிக்குக் கொடுத்து நின்றுகொண்டான். "பாத்து, பாத்து. அக்காவோடது" என்றான். அதற்கப்புறம்தான் அழுதான்.

மறுநாள் காலை ஆறு சொட்டு. அதற்கு மறுநாள் ஏழு. ஒவ்வொரு நாளும் ஒன்றரை மூடி, அதற்கு மேல் ஒரு பொட்டு இல்லை. மூன்றாம் நாள் மகள் குழாயைப் பிடித்துக்கொள்ள, பெயிண்டர் சொட்டு விட்டார். ஏழில் பச்சை போல ஒரு மயக்கம் காட்டியது. அவர் அவசரப்படவில்லை. ஆட்டிப் பார்த்தார். மீண்டும் நீலம். எட்டாவது சொட்டில் மஞ்சள் பளிச்சென்று நின்றது.

"இன்னொரு தடவ பாத்துடலாம்" என்றார். பார்த்தார்கள். எட்டு.

பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. டீச்சர்தான். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"இன்னைக்கு எத்தனை வந்தது?"

"எட்டு, டீச்சர்."

"எட்டா?"

"ரெண்டு தடவ பாத்தோம். எட்டு."

"சத்தம் போடாதீங்க. லேப் அம்மா சொல்லிக் குடுத்தத எழுதறேன்" என்று டீச்சர் வேறு யாரிடமோ சொன்னார். இரைச்சல் அடங்கியது. பிறகு சாக்பீஸ் பலகையில் உரசும் சத்தம் கேட்டது. பெயிண்டர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஓர் எண்ணை எழுத ஆகும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. சாக்பீஸ் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.