மக்காச்சோளம் மேடம்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மக்காச்சோள விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனிக்குச் சென்னையில் இருந்த ஒரே ஆள் சாராள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் ஆபீஸ். கேரளத்து மாட்டுத்தீவன ஆலைகளோடு விலை பேசுவதும், சோளம் அங்கே போய்ச் சேர வண்டி ஏற்பாடு செய்வதும் அவள் வேலை. ஆலைக்காரர்களும் போனில்தான், விவசாயிகளும் போனில்தான். நேரில் வந்து கதவைத் தட்டுகிறவர் தண்ணீர் கேன் போடுபவர் மட்டும். அம்மா போன பிறகு சிட்லபாக்கத்து வீட்டிலும் அவள் தனி.

சோளம் விழுப்புரத்திலிருந்து கன்டெய்னர் ரயிலில் போனது. தண்டவாளம் அரசாங்கத்துடையது. அதன்மேல் வண்டி ஓட்டி வாடகை வாங்குவது தனியார் கம்பெனிகள். அந்தத் தடத்தில் இரண்டு கம்பெனிகள் இருந்தன, ஒன்று பெரியது, மற்றது சின்னது. திங்கட்கிழமை தோறும் சாராள் இரண்டு இடத்திலும் ரேட் கேட்பாள். ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த இழுபறியில்தான் விவசாயிக்கு ஏதோ மிஞ்சியது.

சின்னக் கம்பெனியில் ரேட் சொல்கிறவர் டெனிஸ்.

"மேடம், அவங்க என்ன சொன்னாங்க? உண்மையைச் சொல்லுங்க."

"உங்களைவிடக் கம்மி சார்."

"எப்பப் பார்த்தாலும் இதையே சொல்றீங்க."

"எப்பப் பார்த்தாலும் நீங்களும் இறங்குறீங்களே."

டெனிஸ் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எப்போதும் இருமலில்தான் போய் முடியும். பேரத்துக்கு நடுவே மற்ற விஷயங்களும் வந்து சேர்ந்தன. கூடுவாஞ்சேரியில் வாங்கிய வீடு, மகள் ஜென்சியின் கணக்குப் பரீட்சை, ஸ்டேஷன் பக்கத்துச் சர்ச்சில் அவர் பாடும் பாடகர் குழு. சாராளின் அம்மா இறந்த வாரம் அவர் ரேட்டைத் தானாகவே குறைத்துச் சொன்னார். "இந்த வாரம் நமக்குள்ள சண்டை வேணாம் மேடம்" என்றார். ஆறு வருடங்களில் இருவரும் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

தை மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை சின்னக் கம்பெனியின் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. சாராள் மறுபடி போட்டாள். அதே குரல். மதியம் பெரிய கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: சின்னக் கம்பெனியை அவர்கள் வாங்கிவிட்டார்கள், இனிமேல் ரேட்டை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். திறந்து பார்த்தாள். வாடகை கால் பங்கு ஏறியிருந்தது.

விவசாயிகள் கம்பெனிக்குத் தலைவி செல்லியம்மாள். அவளும் சோளம் போட்டிருப்பவள்தான். விஷயம் கேள்விப்பட்டதும் போன் செய்தாள்.

"ஏம்மா சாராளு, என்னாம்மா இது? நேத்து வரைக்கும் எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு ரெண்டு பேரு நின்னானுவ. இன்னிக்கி ஒருத்தன்தான்னா அவன் வெச்சதுதான் வாடகையா?"

"பேசிப் பார்க்கிறேங்க்கா."

"சீக்கிரம் பேசு. வானம் மூடிக்கிட்டு வருது. சோளமெல்லாம் ரோட்டுல காயுது. நனைஞ்சா பூஞ்சை புடிச்சுடும். ஆலைக்காரன் வண்டியத் திருப்பி உட்டுருவான்."

மறுநாள் சாராள் கிண்டியில் இருந்த பெரிய கம்பெனியின் ஆபீசுக்குப் போனாள். கண்ணாடிக் கட்டடத்தில் ஜாய்சன் என்ற இளைஞர் அவளை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார்.

"எங்களுக்கும் காஸ்ட் ஏறிடுச்சு மேடம். வேற ஆப்ஷன் இருந்தா தாராளமா பாருங்க. தப்பா எடுத்துக்க மாட்டோம்." வேறு ஆப்ஷன் இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

எழுந்திருக்கும்போது சாராள் கேட்டாள். "டெனிஸ் சார் இங்க வந்துட்டாரா?"

"அந்த டீம்ல யாரையும் எடுத்துக்கல மேடம்."

திரும்பும் மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபோதுதான், டெனிஸின் சொந்த எண் தன்னிடம் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. எத்தனையோ திங்கட்கிழமைகள் பேசிய மனிதர் ஒரே நாளில் இல்லாமல் போயிருந்தார். ஏறிய வாடகையைவிட அதுதான் அவளை வாட்டியது. ஊர்ச்சோளம் முழுக்க ரோட்டில் கிடக்கும்போது இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன்னுடைய சர்ச்சுக்குப் போகவில்லை. கூடுவாஞ்சேரியில் இறங்கி, ஸ்டேஷன் பக்கத்துச் சர்ச்சை விசாரித்துப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆராதனை முடிவில் ஒருவர் மைக்கைப் பிடித்து அறிவிப்பு வாசித்தார். இரண்டு வரி தாண்டியதும் இருமினார். சாராள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடமும் அவள் நினைத்து வைத்திருந்தது உயரமான, பருத்த ஒரு ஆளை. நின்றிருந்தவர் குள்ளமாக, ஒல்லியாக, தலை முழுக்க நரைத்திருந்தார்.

வெளியே வந்ததும் அவர் எதிரில் போய் நின்றாள். "சார், நான் சாராள். தாம்பரம்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சுஜிதான் முதலில் சிரித்தாள்.

"மக்காச்சோளம் மேடமா? வீட்ல உங்களுக்கு அதுதான் பேரு. திங்கட்கிழமை சாப்பிட உட்கார்ந்தா உங்க கதைதான் ஓடும்."

தன்னைப் பற்றி ஒரு வீட்டில் பேசுகிறார்கள் என்பது சாராளுக்குப் புதிதாக இருந்தது. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டெனிஸும் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். ஒரு வருடத்துக்கு இந்தத் தொழிலில் வேலை பார்ப்பதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். இப்போதைக்கு ஒரு பில்டரிடம் ஃபிளாட் விற்கச் சேர்ந்திருக்கிறார்.

"ரேட்டை ஏத்திட்டாங்களா?"

"கால் பங்கு சார்."

"நெனச்சேன்."

மூவரும் சாலைக்கு வந்தார்கள். எதிரே பாதி கட்டிய அடுக்குமாடியிலிருந்து ஒரு லாரி ரிவர்ஸில் வந்து பாதையை மறித்தது. கேரளப் பதிவெண்.

"தினமும் இதே பேஜார்" என்றாள் சுஜி. "பிளைவுட் இறக்க வந்துடறாங்க, ரோடே அடைச்சுப் போகுது."

சாராள் லாரியைப் பார்த்தாள். பின்பக்கத்தில் சுருட்டிப் போட்ட தார்ப்பாயைத் தவிர ஒன்றும் இல்லை. டெனிஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்குக் காலியா திரும்பிப் போகுது" என்றார்.

"கள்ளக்குறிச்சி வழியாத்தானே சார் போகணும்?"

அப்போதுதான் இருவரும் முதல்முறையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்துச் சிரித்தார்கள். சுஜிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டெனிஸின் எண்ணைச் சாராளின் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை சாராள் பெருங்களத்தூரில் இருந்தாள். பிளைவுட் லாரிகளுக்கு ஏஜென்ட் சௌகத் அலி, டீ டம்ளரும் கையுமாக நின்றுகொண்டே கேட்டுக்கொண்டார்.

"காலியாத்தான் போய்கினு கீது மேடம். டீசல் காசு வந்தா போதும்னு டிரைவருங்க கேக்குறாங்கோ. ஆனா லோடு ஏத்தறேன்னு வண்டியை நிறுத்தி வெச்சீங்கன்னா சரிப்படாது. அவன் வூட்டுக்குப் போற அவசரத்துல இருப்பான்."

"வண்டி வந்த உடனே ஏத்திடுவாங்க. அது என் பொறுப்பு."

செல்லியம்மாள் அன்றே மூன்று ஊர் ஆட்களைக் கூட்டி மூட்டை பிடிக்க வைத்தாள். லாரிகள் ஹைவேயிலிருந்து ஒவ்வொன்றாக விலகி உள்ளே வந்தன. சாராள் தாம்பரத்து அறையில் உட்கார்ந்து சௌகத் அலிக்கும் செல்லியம்மாளுக்கும் மாறி மாறிப் போன் போட்டபடி இருந்தாள். மறுநாள் மாலை அங்கே மழை பிடித்தது. பெரும்பங்கு சோளம் அதற்குள் கிளம்பிவிட்டது. நனைந்ததில் செல்லியம்மாளுடையதும் இருந்தது.

"மத்தவங்களுத மொதல்ல ஏத்திட்டேன். என்னுது நின்னுபோச்சு" என்றாள் செல்லியம்மாள். "கோழிப்பண்ணைக்காரன் பாதி வெலைக்கி எடுத்துக்குவான். உடு."

"அக்கா, நான் ஒரு நாள் முன்னாடியே..."

"நீ என்னாம்மா பண்ணுவ? போனுக்குள்ளாற இருந்துக்கிட்டு மழைய நிறுத்துவியா?"

அந்த வாரம் முழுக்க ரயிலுக்கு ஒரு மூட்டைகூடப் போகவில்லை. வார முடிவில் ஜாய்சனே கூப்பிட்டார். ரேட்டை மறுபரிசீலனை செய்திருப்பதாகச் சொன்னார். கிட்டத்தட்டப் பழைய வாடகை. சாராள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பிறகு அடுத்தடுத்து அறுவடையான சோளத்தில் பாதியை ரயிலுக்கும் பாதியை லாரிக்கும் பிரித்துக் கொடுத்தாள். லாரி ஓடினால்தான் ரயில் இறங்கும் என்பதால் இரண்டில் எதையும் அவள் விடவில்லை.

டெனிஸிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கை பரபரத்தது.

"இறக்கிட்டீங்களா? சூப்பர் மேடம்!" என்றார் அவர். "நான் இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் இறங்கியிருப்பேன்."

"தெரியும் சார்."

சிரித்தார், இருமினார். அதற்குப் பிறகு பேரம் பேச எதுவும் இல்லை. ஜென்சி நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டாள். படிக்கிறாள் என்றார்.

"மேடம், ஒரு பார்ட்டி ஃபிளாட் பார்க்க வந்திருக்காங்க. அப்புறம் கூப்பிடறேன்."

"பாருங்க சார், பாருங்க."

அவர் கூப்பிடவில்லை. சாராளும் கூப்பிடவில்லை. என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது?

பெரிய கம்பெனியின் ரேட் இணையதளத்தில் வந்தது. சௌகத் அலி தன் ரேட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதைச் செல்லியம்மாளே பார்த்துக்கொண்டாள். முன்பு ஒரு காலைப் பொழுதைத் தின்ற வேலை இப்போது ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்தது. அறையில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

ஒருநாள் அவள் செல்லியம்மாளைக் கூப்பிட்டாள்.

"ரேட்டு எதுனா மாறிப்போச்சாம்மா?"

"இல்லக்கா. சும்மாதான்."

"சும்மாவா?" மறுமுனையில் ஓடும் தண்ணீரின் சத்தமும் யாரோ பெண்கள் சிரிப்பதும் கேட்டன. "ஒடம்பு எதுனா முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"நெல்லு நடவுல நிக்கிறேம்மா. சாயந்தரமா நானே பேசுறேன்."

பொழுது சாய்ந்த பிறகும் சாராள் அறையைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். போன் வரவில்லை. நடவு நாளில் யாருக்கு நினைவிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தாள். கீழே இறங்கி, வீடு திரும்பும் கூட்டத்தோடு ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறினாள்.