மேகவர்ணாவைப் பற்றி மட்டும்

களையெடுக்கப் போன காட்டில், அந்தக் காட்டுக்காரியைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. மலைமேல், பல ஊர்கள் சேர்ந்த வாழவந்தி நாட்டுப் பெண்களிடையே அப்படி ஒரு வழக்கம். மற்றபடி யாரைப் பற்றியும் பேசலாம். ஊரை விட்டு ஓடியவள், ஓடாமல் இருப்பவள், மாமியாருக்குச் சோறு போடாதவள், போட்டுவிட்டுச் சொல்லிக்காட்டுகிறவள் என்று எல்லாரும் களைக்கொத்துகளுக்கு நடுவே வந்து போவார்கள். ஆனால் கால் ஊன்றி நிற்கிற மண்ணுக்குச் சொந்தக்காரியை விட்டுவிட வேண்டும். பயிர் கேட்டுக்கொண்டிருக்குமாம். கேட்டால் கதிர் பிடிக்காதாம்.

அந்த ஆடி மாதத்தில் பெண்களின் வாய் நிறைய இருந்த பேச்சு ருக்குமணி. களை நிறைய மண்டிக் கிடந்ததும் ருக்குமணியின் காட்டில்தான்.

பொங்கல் கழிந்த கையோடு அவள் எடப்புளி நாட்டில் புருசன் வேல்முருகன் வீட்டை விட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அடித்தானா என்று ஊர் கேட்டது. இல்லை. குடித்தானா? இல்லை. வேறொருத்தி? அதுவும் இல்லை. பிறகு எதற்கு வந்தாள்? அவளிடம் ஒரு பதில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் பேசத் தொடங்கினால் வேல்முருகன் எழுந்து போய்விடுவான். கோபமாக அல்ல. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, மோட்டாரை நிறுத்த, வாசலில் என்ன சத்தம் என்று பார்க்க. திரும்பி வந்து, என்ன சொன்னாய் என்று கேட்டதில்லை. இதை ஒரு குற்றமாக யார் முன்னால் கொண்டுபோய் வைப்பது? சில நாட்களில் அவளுக்கே அது அற்பமாகத் தெரியும். பிறகு, தான் சொல்ல வந்ததெல்லாம் பாதியில் நின்றுபோன அந்த வீடு நினைவுக்கு வரும். அதற்குள் மறுபடி நடமாடுவதை நினைக்கவே முடியாது.

அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. முறைவைத்து ஒருத்தி காட்டுக்கு மற்றவர்கள் வந்து வேலை செய்யும் கூட்டம் இல்லாமல், இரண்டு பெண்கள் அந்தக் காட்டைக் கட்டிக்காக்க முடியாது. முறை சொல்கிறவள் பொன்னாயி. போன தடவை ருக்குமணியின் கேழ்வரகுக் காட்டுக்கு வந்தபோது பெண்கள் வாயே திறக்கவில்லை. பேச ஆசைப்பட்டதைப் பேச முடியாது. வேறு எதைப் பேசவும் மனம் வரவில்லை. பேச்சில்லாத வேலை நகரவும் இல்லை. உச்சி வெயில் ஏறியதும் கையைக் கழுவிக்கொண்டு, சோற்றைத் தொடாமல் போய்விட்டார்கள். பொன்னாயி மட்டும் அம்மாவிடம் நின்று சொன்னாள்: "மிச்சத்தையும் வந்து எடுத்துக் குடுத்தர்றோம். அடுத்த வெதைப்புக்கு நீங்க வேற பாத்துக்குங்க."

வேறு என்றால் காட்டை யாருக்காவது குத்தகைக்கு விடுவதுதான். காடு கைவிட்டுப் போனால் ருக்குமணிக்கு அந்த மலையில் நிற்க இடம் எடப்புளியில்தான்.

இந்த மாதங்களில் அவளைத் தாங்கியது ஒரு பாட்காஸ்ட். சென்னையில் வித்யாஸ்ரீ, அருணா என்று இரண்டு பெண்கள் உட்கார்ந்து சினிமாக்காரர்களைப் பற்றிப் பேசுவார்கள். யார் யாரைக் கட்டினார்கள், யார் யாரோடு முகம் கொடுப்பதில்லை, எந்த நடிகை எந்த விழாவுக்கு ஏன் வரவில்லை. வம்புதான், அதை ஒளித்துக் கேட்க வேண்டும் என்று ருக்குமணிக்குத் தோன்றியதில்லை. வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. சோளக்காடு சந்தைக்கு அன்னாசியோ மிளகோ கொண்டுபோகிற நாளில், பஸ் நிற்கிற இடத்தில் நின்று போனில் மொத்தமாக இறக்கிக்கொண்டு வருவாள்.

முதன்முதலில் அதைக் கேட்டது எடப்புளி வீட்டு அடுப்படியில். அன்றைக்கு எந்த நடிகையின் கதை என்பது மறந்துவிட்டது. ஒருத்தி பேசுகிறாள், இன்னொருத்தி எழுந்து போகாமல் இருக்கிறாள் என்பது மறக்கவில்லை. "அப்புறம்?" என்பாள் அருணா. "ஐயய்யோ, அப்புறம்?" பேச்சுக்கு இப்படி மடி விரித்து உட்கார முடியுமா என்று இருந்தது. போகப்போக வித்யாஸ்ரீயின் தொழில் அவளுக்குப் பிடிபட்டது. எங்கே வேகம், எங்கே ஒரு மூச்சு நிறுத்தம், எங்கே சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல மாட்டாள். 'இது எனக்குத் தெரியாதுங்க, ஆனா தெரிஞ்சுக்கணும்னு உசுரு போகுது' என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் ஒரு பெண்ணை எடுத்துப் பேசி, முடித்து இறக்கி வைக்கும்போது, அந்தப் பெண் எங்கேயும் கசங்காமல் இருப்பாள். இப்படியும் வம்பு பேசலாம் என்பதே ருக்குமணிக்கு ஆச்சரியம்தான்.

மிச்சக் களைக்குப் பெண்கள் வந்த அன்று காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. பொன்னாயி, சின்னக்கண்ணு, ராதிகா, இன்னும் நாலைந்து பேர். ராதிகா வேல்முருகனின் சித்தப்பா மகள். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் ருக்குமணிக்கு எட்டாத கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்தார்கள். களைக்கொத்து மண்ணைக் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதி முழுக்கத் தன்னைப் பற்றியது என்று ருக்குமணிக்குத் தெரியும். காதுபடப் பேசினால்கூட இத்தனை வலிக்காது.

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்துபோய், தண்ணீர் கொண்டுவந்த எவர்சில்வர் குண்டாவைக் கவிழ்த்துக் காலி செய்தாள். போனில் அவள் தேடியது ஒரு குறிப்பிட்ட பேச்சை. அதைப் போட்டு, போனைக் குண்டாவுக்குள் இறக்கி, பாறைமேல் வைத்தாள். துணிச்சலா, இல்லை அந்தக் குரலைக் கேட்காமல் இனி ஒரு வரிசைகூட நகர முடியாது என்ற ஏக்கமா என்று அவளுக்கே விளங்கவில்லை. குண்டா வித்யாஸ்ரீயின் குரலை வாங்கிக் காடு முழுக்க இறைத்தது.

"என்ன புள்ள அது, ரேடியோவா?" என்றாள் சின்னக்கண்ணு.

"அது மாதிரித்தானுங்க்கா. ரெண்டு பொம்பளைங்க பேசறாங்க."

"எதப் பத்தி?"

"மேகவர்ணான்னு ஒரு நடிகை. புருசன் ஊட்ட உட்டுட்டு வந்துட்டா."

எல்லாக் களைக்கொத்தும் நின்றது. கடைசி வரிசையில் ராதிகா நிமிர்ந்து பார்த்தாள். பொன்னாயி இடுப்பில் கையை ஊன்றி நின்று யோசித்தாள்.

"அந்தப் புள்ளைக எங்க உக்காந்து பேசறாளுக?"

"மெட்ராஸ்ல, ஒரு ரூம்ல."

"அது அந்த நடிகையோட ஊடா?"

"இல்லீங்க பெரீம்மா."

"அந்த நடிகைக்கு இந்தப் பக்கம் காடு கீடு கெடக்குதா?"

"அவளுக்கு இங்க ஏதுங்க காடு!"

பொன்னாயி வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். "அப்பறமென்ன? அவளுகளும் பேசட்டும், நாமளும் பேசலாம்."

வித்யாஸ்ரீ சொல்லிக்கொண்டிருந்தாள்: கல்யாண நாள் விருந்து. வாசலில் கார் நிறைய. உள்ளே பெரிய மனிதர்கள். மேகவர்ணா சமையலறைக் கதவு வழியாக ரப்பர் செருப்போடு வெளியே வந்து ஆட்டோ பிடித்துப் போகிறாள். யாரோ எடுத்த ஒரு போட்டோ, அவ்வளவுதான். "அந்தச் செருப்பு மட்டும்தாங்க நமக்குத் தெரிஞ்ச உண்மை," என்றாள் வித்யாஸ்ரீ. "மத்ததெல்லாம் நாம போட்டு நிரப்பிக்கிட்டது."

"பட்டுச்சேலைக்கு ரப்பர் செருப்பா!" சின்னக்கண்ணுக்கு அதுதான் தாங்கவில்லை. "அவசரம்னாலும் ஒரு அவசரமா!"

"அடிச்சிருப்பான்," என்றாள் ஒருத்தி.

"அடிச்சானாக்கும்! அடிச்சிருந்தா இன்னேரம் ஸ்டேசனுக்குப் போயிருக்க மாட்டாளா?" ராதிகாவின் குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. மாதக்கணக்கில் ருக்குமணியின் காதுபட அவள் பேசியதே இல்லை. "கொழுப்பு. வேளாவேளைக்குச் சோறு, கை வைக்காத புருசன். என்ன கொறைங்கறேன்? இவ ஆட்டோவுல ஏறிப் போயிருவா. அவன் சொந்தபந்தத்துக்கு முன்னால என்னத்தச் சொல்லுவான்? தங்கச்சி தங்கச்சின்னு கூப்புட்டு அழுவறான், பாவம்."

மேகவர்ணாவின் புருசனுக்குத் தங்கச்சி இருப்பதாகப் பாட்காஸ்டில் யாரும் சொல்லவில்லை. அதை யாரும் எடுத்துக்காட்டவும் இல்லை.

"அழுவறவன், அவ கூட இருக்கையில என்ன பண்ணுனானாம்?" என்றாள் சின்னக்கண்ணு. "என்ற ஊட்டுக்காரரும் நான் கோவிச்சுக்கிட்டுப் போனா அழுவாரு. பொறவு பாத்தா, அடுப்புப் பத்த வெக்கத் தெரியலன்னு அழுதுருக்காரு."

சிரிப்பு ஒரு சுற்று வந்தது. வேலை சூடு பிடித்தது. மேகவர்ணாவுக்குச் சிலர் ஆதரவு, பலர் எதிர்ப்பு. அத்தனை பேச்சும் ருக்குமணியின் முதுகில் விழுந்தது; அவள் களையைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள். எதிர்பார்த்ததுபோல் வலிக்கவில்லை. மறைவில் நடந்த வழக்கு இப்போது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இன்னது குற்றச்சாட்டு என்று ஒருவழியாகத் தெரிந்தது. அவர்களுக்கு அவள்மேல் வெறுப்பில்லை. காரணம் புரியாத கோபம்தான் இருந்தது.

குண்டாவுக்குள் வித்யாஸ்ரீ ஒரு மூச்சு நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "மேகவர்ணா இப்ப இங்க வந்து உட்கார்ந்தா, ஏன் வந்தேன்னு நான் கேட்க மாட்டேன். அந்த வீட்டுல உன் நாள் எப்படிப் போச்சுன்னு கேட்பேன்."

பொன்னாயி தலையை ஆட்டினாள். "கெட்டிக்காரப் புள்ள. கேள்வின்னா இது கேள்வி." பிறகு, கையில் இருந்த களையை உதறிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "அந்த மேகா இந்தக் காட்டுல நின்னா என்ன சொல்லுவா?"

பாட்காஸ்ட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ருக்குமணி நிமிராமல் களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வித்யாஸ்ரீயாக இருந்தால் எப்படித் தொடங்குவாள் என்று நினைத்துப் பார்த்தாள். தெரிந்ததை மட்டும், அவசரப்படாமல்.

"நல்லவன்னுதான் சொல்லுவா," என்றாள். "ஒரு கெட்ட வார்த்தை பேசுனதில்லைன்னு சொல்லுவா. ஆனா இவ வாயைத் தொறந்தா அவன் எந்திரிச்சுப் போயிருவான். காச்சல் அடிக்குதுன்னு சொன்னாலும் சரி, சந்தையில ஒருத்தி உளுந்து எந்திரிச்ச கதைன்னாலும் சரி. முழுசா ஒண்ணுகூடச் சொல்லி முடிச்சதில்ல. பொறவு சொல்றதையே உட்டுட்டா. ஒரு நாள் கோழிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தா. தன்ற குரலையே யாரோட குரலோன்னு திரும்பிப் பாத்தா. அன்னைக்குப் பயமாப் போச்சு. இவ பாதி பேசிக்கிட்டு இருக்கையில, அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவான். தெனமும்."

சின்னக்கண்ணு மெல்லக் கேட்டாள்:

"ஏம்புள்ள, சினிமாக்காரன் ஊட்டுல மாடு ஏது?"

முதலில் சிரித்தது பொன்னாயிதான். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அடக்கிப் பார்த்த மற்றவர்களும் உடைந்தார்கள். ருக்குமணிக்கு முகம் எரிந்தது. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அதில் எது சிரிப்பு எது அழுகை என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது விருப்பமில்லை.

"மெட்ராஸ்ல மாடுதான் ரோட்டுலயே நிக்குமே," என்று யாரோ மேகவர்ணாவைக் காப்பாற்றப் பார்த்தார்கள். சிரிப்பு இன்னும் கூடியது.

ராதிகா மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் சொன்னாள்:

"எங்க பெரியப்பனும் அப்படித்தான். பெரியம்மா பேச வாயெடுத்தா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிருவாரு. கடைசி காலத்துல பெரியம்மா பேசவே இல்ல. ஊமைன்னுதான் சின்னப்புள்ளைல நான் நெனச்சிருந்தேன்."

அவள் பெரியப்பன் என்றால் வேல்முருகனின் அப்பா. அதை யாரும் விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பொன்னாயி பயிரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்: "சோறு ஆறிப் போயிரும். எந்திரிங்க."

அன்று எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீரைக்கு உப்புக் குறைவு என்று சின்னக்கண்ணு குறை சொன்னாள். ருக்குமணிக்கு அந்தக் குறையைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது. சாப்பிட்ட கையோடு, அந்த ரெண்டு புள்ளைகளையும் மறுபடி பேசவிடச் சொன்னார்கள். வேறு ஒரு நடிகன், அவன் கட்டிய பெரிய வீடு, அதற்கு அவன் அம்மா வர மறுத்த கதை. வித்யாஸ்ரீ நிறுத்துகிற இடத்திலெல்லாம் பெண்கள் அருணாவை முந்திக்கொண்டு அப்பறம் அப்பறம் என்றார்கள். எங்கேயோ ஒரு அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் ரப்பர் செருப்பை அத்தனை மரியாதையோடு எடுத்துவைத்த அந்தக் குரலை ருக்குமணி நினைத்துக்கொண்டாள். கை கூப்ப வேண்டும்போல் இருந்தது. கையில் களைக்கொத்து இருந்தது. அப்படியே வேலையைத் தொடர்ந்தாள்.

பொழுது சாய்வதற்குள் காடு சுத்தமாகிவிட்டது. பொன்னாயி சேலையை உதறிக்கொண்டே முறை சொன்னாள்: "நாளைக்கு ராதிகா காடு. சாமை வெதைக்கையில மொதல்ல சின்னக்கண்ணு, அடுத்தாப்பல ருக்கு." ருக்கு என்ற பெயரை அவள் தனியாக அழுத்திச் சொல்லவில்லை. மற்றப் பெயர்களோடு அதுவும் வந்து விழுந்தது.

எல்லாரும் வரப்பேறிப் போன பிறகும் ராதிகா நின்றாள்.

"அவ திரும்பிப் போவாளா?" என்று கேட்டாள்.

"யாரு, மேகாவா?"

"ம்."

"போக மாட்டா."

ராதிகா கொஞ்ச நேரம் கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழமை எங்கண்ணன் ஆளுகளக் கூட்டிக்கிட்டு நாயம் பேச வாரேன்னு சொல்லியிருக்குது. வர வேண்டாம்னு சொல்லிர்றேன்." குனிந்து களைக்கொத்தை எடுத்தாள். "அண்ணனுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"எனக்குந்தான் கண்ணு," என்றாள் ருக்குமணி.

ருக்குமணி வேல்முருகனைக் கட்டிய நாளிலிருந்து ராதிகா அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு எதுவும் கூப்பிட்டதில்லை. இப்போது களைக்கொத்தைத் தோளில் சாத்திக்கொண்டு நாலு எட்டு நடந்தவள் திரும்பினாள்.

"எங்க காட்டுல கோரை ஏகமாக் கெடக்குது. நாளைக்கு வெள்ளனா வந்துருங்க, அக்கா."

ருக்குமணி வருகிறேன் என்று தலையாட்டினாள்.