பிளக்ஸில் பதினோரு முகம்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சமயநல்லூர் அசோக்குமாரின் பரோட்டாக் கடை மாடிக்கு வாடகை நாற்காலிகள் ஏறிவிட்டன. மாலையில் கிரிக்கெட் இறுதிப்போட்டி. பெரிய திரை கட்டிக் காட்டப்போகிறார். தலைக்கு நூறு ரூபாய் டிக்கெட், இரண்டு பரோட்டா இலவசம். இதற்காக சமயநல்லூர், பரவை, வாடிப்பட்டி என மூன்று இடங்களில் பிளக்ஸ் நின்றது. மேலே போட்டியின் சின்னமும் கோப்பையும். கீழே ‘விழாக் குழுவினர்’ என்று பதினோரு முகங்கள். காதுகுத்துக்கே நாற்பது முகம் போடுகிற ஊரில் இது அடக்கம்தான். நடுவில் சிரித்தது மச்சினன் சிவபாண்டி. போலீஸ் தேர்வில் பாஸாகி, வெரிஃபிகேஷனுக்குக் காத்திருப்பவன்.

பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது ஒளிபரப்பு உரிமை வாங்கிய நிறுவனம். வீட்டுக்கென்று வாங்கிய இணைப்பை வைத்து, காசு வாங்கிக்கொண்டு ஊருக்குக் காட்டக் கூடாது. அனுமதியில்லாமல் சின்னத்தைப் போட்டு, போட்டியை நடத்துகிறவர்களே கூட்டுச் சேர்ந்ததுபோல் விளம்பரம் செய்யவும் கூடாது. ஐந்து மணிக்குள் நிறுத்தாவிட்டால் போலீசில் புகார். கீழே பதினோரு பெயர்கள், பிளக்ஸில் இருந்தபடியே, ‘சிங்கக்குட்டி சிவபாண்டி’ என்ற பட்டம் உட்பட.

அசோக்குமாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்லாவில் உட்கார்ந்தார், எழுந்தார், மாடிக்கு ஏறினார், இறங்கினார். போன வருஷம் வாடிப்பட்டியில் இதே மாதிரி போட்டார்களே, யார் கேட்டது என்று மனைவி சத்யப்ரியாவிடம் பொரிந்தார்.

“அவங்க மாட்டலைன்னா அது சரின்னு ஆயிருமா? என் தம்பி மேல ஒரு கேஸு விழுந்தா அம்புட்டுத்தான். போலீஸ் வேலையை மறந்துற வேண்டியதுதான்” என்றாள் அவள்.

நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு போன் போட்டார். நிறுவனத்தின் வக்கீல் சூடாமணி பதறாமல் பேசினார். பொது இடத்தில் காட்டத் தனி இணைப்பு உண்டாம், முன்கூட்டியே விண்ணப்பித்தால் அனுமதியும் கிடைக்குமாம். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றும் விசாரித்தார். திரையிடுவதை நிறுத்தி, பிளக்ஸைக் கழற்றிப் படம் அனுப்பினால் புகார் வராது என்றார்.

வெயிலில் பைக்கை விரட்டினார். இரண்டு பிளக்ஸ் இறங்கின. வாடிப்பட்டிக்குப் போனால், அங்கே சிவபாண்டியே நின்றிருந்தான். யாரோ சொல்லித் தன் படத்தைப் பார்க்க வந்திருக்கிறான். அவர் கயிற்றை அறுக்க, அவன் நோட்டீஸைப் படித்தான். முகம் செத்துவிட்டது.

“என்னையக் கேக்கவே இல்லையே மாமா. நான் ஒரு டிக்கெட்டுகூட வாங்கலையே.”

அசோக்குமாரால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கழற்றிய பிளக்ஸ்களின் படத்தை வக்கீலுக்கு அனுப்பிவிட்டு போனையே வெறித்துக்கொண்டு நின்றார். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், புகார் இல்லை என்று பதில் வந்தது. சிவபாண்டி அவர் பைக்கில் ஏறாமல் பஸ் பிடித்துப் போய்விட்டான்.

மாலையில் வந்தவர்களுக்கெல்லாம் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்துக் கடை மொக்கையனுக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஊரே போடுது. நீ மட்டும் ஏண்ணே இம்புட்டுப் பயப்படுற?”

“பயந்துதான் கழட்டுனேன், இல்லைங்கல. ஆனா டிவியில வருதுங்கிறதுக்காக அது நம்ம பொருளாயிருமா? அடுத்தவன் பொருளைக் கேக்காம எடுத்து யாவாரம் பண்ணுனா அது களவுதான்டா. சின்னத்தையும் கேக்காம எடுத்தேன், சிவபாண்டி மூஞ்சியையும் கேக்காம எடுத்தேன். கம்பெனிக்காரன் மன்னிச்சுட்டான். எம் மாப்ள இன்னும் எங்கிட்டப் பேசல.”