விடுமுறையிலும் விடாத வலி

அந்தச் சலவைக்கூடத்தில் முதுகுவலி இல்லாத பெண்ணே கிடையாது. ஹோட்டல் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு வெளியே வரும்போது பிணக்கனம் கனக்கும். உதறி மடித்து முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டால், துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் போய்ச் சாயச் சொல்வார்கள். அதுதான் அங்கே வைத்தியம். அங்கே நாத்தனாரோடு சேர்ந்து வேலை பார்த்த அண்ணிக்கு முதுகு வலித்தபோதும் அதையேதான் சொன்னார்கள்.

அண்ணிக்கு அங்கே 'புல்டோசர்' என்று பெயர். சில வருஷங்களுக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, மருந்து என்று எல்லாப் பாடும் பட்டு மீண்டவள். மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்த அன்றே, ஷாம்பு செலவு மிச்சம் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் நாத்தனாருக்கு அண்ணி என்றால் உயிர். சொந்த அண்ணன்கூட அப்புறம்தான். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், எங்க அண்ணி கேன்சரையே ஓட ஓட விரட்டினவங்க என்று ஆரம்பித்துவிடுவாள். அண்ணி சிரித்துக்கொண்டே விரிப்பை இழுப்பாள்.

கொஞ்ச நாளாக அண்ணி குனிவதில்லை. கீழே விழுந்த துணியை முழங்காலை மடக்கி உட்கார்ந்துதான் எடுத்தாள். நாத்தனார் அதையும் கேலி செய்தாள், மகாராணி குனிய மாட்டாங்களோ என்று.

பிறகு கொதிகலன் பழுதாகி, ஒரு வாரம் கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. திறந்த அன்று பெண்கள் ஆளே மாறி வந்தார்கள். முதுகா, எனக்கா என்று ஒருத்தி இடுப்பை வளைத்துக் காட்டினாள். அண்ணி மட்டும் நேராகப் போய் உலர்த்தும் இயந்திரத்தில் சாய்ந்தாள். அது அன்று இன்னும் ஓடவே தொடங்கவில்லை. தொட்டால் சில்லென்று இருந்தது. ஒரு வார ஓய்விலும் அண்ணிக்கு மட்டும் வலி விடவில்லை என்பது நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்தில் போய்க் கேட்டாள். முதலில் அண்ணி மழுப்பினாள். விடாமல் கேட்கவும், படுத்தால்தான் வலி அதிகம், தூக்கத்தைக் கெடுக்கிறது, இரண்டு நாளாக ஒரு கால் மரத்துப்போகிறது என்று சொன்னாள்.

"விடாம வலிச்சா உடனே வரணும்னு கேன்சர் டாக்டரம்மா சொன்னாங்களே அண்ணி. மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அண்ணி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "விரட்டிட்டேன், விரட்டிட்டேன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கே. உன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிம்மா சொல்றது?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது நாத்தனாருக்கு. வேலையை அப்படியே போட்டுவிட்டு அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. டாக்டரம்மா ஒளிக்காமல் பேசினார். இனி அடியோடு போக்க முடியாது, ஆனால் மருந்தால் கட்டுக்குள் வைக்கப் பார்க்கலாம். முதுகுக்குக் கதிர்வீச்சு உடனே தொடங்க வேண்டும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கால் விளங்காமலே போயிருக்கலாம்.

நீங்க ஜெயிச்சிடுவீங்க அண்ணி என்ற வார்த்தை நாத்தனாரின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"பயமா இருக்கா அண்ணி?"

"ரொம்ப," என்றாள் அண்ணி. அன்று மொட்டைத் தலையோடு எல்லோரையும் சிரிக்க வைத்தவள், டாக்டரம்மாவின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாத்தனார் தடுக்கவில்லை.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள் அண்ணி. இன்னும் இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றாள். விலாவில் குத்துவது, மாடிப்படியில் மூச்சு வாங்குவது, பசி செத்துப்போனது என்று ஒன்று விடாமல் சொன்னாள். எதற்கும் சிரிக்கவில்லை, எதையும் சின்னதாக்கவும் இல்லை. இவ்வளவு தைரியமான ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று நாத்தனாருக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லாமல், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.